அடுத்த பாலத்துக்காரன்

பத்தொன்பது ஆண்டுகளாக வீப்ரன் எனக்கு
வெறும் குரல்தான்.
"ஹில்ட்யே, ஒரு பாய்மரம் வருது. இருபத்தைந்து நிமிஷம்."
மணியடித்துச் சாலையை மறிப்பேன்,
பாலத்தைத் தூக்குவேன்,
தூண்டில் கோலில் தொங்கும் மரச்செருப்பைத் தாழ்த்தினால்
படகுக்காரர்கள் அதில் சுங்கக்காசு போட்டுவிட்டுப் போவார்கள்.
எதிர்த்திசைப் படகுகளை நான் அவனுக்குச் சொல்வேன்.
நடுவே நாலு கிலோமீட்டர் ஃப்ரீஸ்லாந்து:
தண்ணீர், நாணல், மழையில் அசையாத மாடுகள்.

சண்டையும் அந்த வயர்லெஸ்ஸில்தான்.
இருபத்தைந்து என்பான், பதினைந்தில் வந்து நிற்கும் படகு.
நான் கத்துவேன்.
அவன் காற்றைக் குற்றம் சொல்வான்,
படகுக்காரனின் பீரைக் குற்றம் சொல்வான்,
தன்னை ஒருநாளும் இல்லை.

ஒரு ஏப்ரலில்
திங்கள், புதன், வெள்ளிகளில் வேறு யாரோ பேசினான்.
சின்னப் பையன், மரியாதையானவன், நிமிஷம் தப்பாதவன்.
"அவரை மெஷினோட கட்டிப் போட்டிருக்காங்க, மேடம்.
நாலு மணி நேரம். ரத்தம் வெளியே போய்த் திரும்பி வருது."

இருபத்துநாலு மணி நேர மூத்திரத்தை
ஆரஞ்சு நிறக் குடுவையில் பிடித்தேன்.
பாலத்துக் குடிலின் ஃபிரிட்ஜில், மோர்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
சைக்கிள் கூடையில் அது தளும்பத் தளும்ப
பஸ் நிறுத்தம்வரை மிதித்தேன்.

குரோனிங்கன் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் கேட்டாள்:
"அவர் உங்களுக்கு என்ன உறவு?"
"அடுத்த பாலம்."
எழுதுகோல் நின்றது.
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

என் அக்கா ஃபூக்யே கேட்டதுதான் இன்னும் உறுத்துகிறது.
"உனக்கு ரெண்டு பிள்ளைங்க.
நாளைக்கு அதுகள்ல ஒண்ணுக்கு வேணும்னா?"
அன்று பதில் இல்லை.
இன்றும் இல்லை.

எடுத்தது இடுப்பில்,
வலித்தது தோளில்.
வயிற்றுக்குள் ஊதிய காற்று மேலேறி நிற்கிறது என்றார்கள்.
மீந்த ஒன்று கொஞ்சம் பெருத்துக்கொள்ளுமாம்,
ஆள் குறைந்த வீட்டில்
இருப்பவர் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வதுபோல.

போனது மூன்று நாள் பேசவில்லை.
அவனுக்குள் அது வெறுமனே கிடந்தது.
தாதிகள் என் கண்ணைப் பார்க்காமல் தலையணையைச் சரிசெய்தார்கள்.
நாலாம் நாள் விடியலில் ஒருத்தி ஓடிவந்தாள்:
"பக்கத்து வார்டுக்காரர் சொல்லச் சொன்னார்.
ஒரு படகு வருதாம். நூற்றிருபது மில்லி."

சிரித்தால் தையல் பிரியும்.
சிரித்தேன்.

அதன்பிறகுதான் தொல்லை.
வீப்ரன் நல்லவனாகிவிட்டான்.
"நன்றி, ஹில்ட்யே. இருபத்தேழு நிமிஷம், நன்றி.
உனக்குச் சிரமம்னா படகை இங்கேயே நிறுத்தி வைக்கிறேன்."
புத்தாண்டுக்கு ஒரு முழுப் பாலாடைக்கட்டி, வண்டிச் சக்கரம் அளவு.
பிறந்தநாளுக்கு ஒரு பாரோமீட்டர்.
நான் கத்தினால் "நீ சொல்றதுதான் சரி."
யாருக்கு வேண்டும் சரி?
செருப்பில் காசு போட்டுவிட்டால் படகு போய்விடும்.
இவன் இரண்டு வருடமாகப் பாலத்தடியிலேயே நின்று
சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தான்.

போன செவ்வாய்க்கிழமை
முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன்.
தலை நிமிர்ந்தால் ஜன்னல் முழுக்கப் பழுப்புப் பாய்.
வாயில் முட்டையோடு மணியடித்தேன்.
பால் லாரி கிறீச்சிட்டு நின்றது.
பாய்மரத்தின் நுனிக்கும் என் பாலத்துக்கும்
நடுவே ஒரு கைவிரல் இருந்திருக்கும்.

"கழுதை! தூங்கறியா அங்கே?"

நாலு கிலோமீட்டர் மௌனம்.
பிறகு,
"நீ காதை எங்கே வெச்சிருந்தே? மூணு தடவை கூப்பிட்டேன்!"

பொய்.
ஒரு தடவைகூட இல்லை.
வயர்லெஸ் என் இடுப்பிலேயே இருந்தது, தழும்புக்கு மேலே.

"பொய் சொல்லாதே!" என்று கத்தினேன்.
"காற்று!" என்று கத்தினான்.

முட்டை கருகியிருந்தது.
செருப்பை மேலே இழுத்துப் பார்த்தேன்.
இரண்டு யூரோ, ஒரு சட்டைப் பொத்தான்.