விரல் வைக்கும் இடம்

பாடாங் செராயிலிருந்து கூலிம் வரை
என் மோட்டார் சைக்கிள் பெட்டியில்
ஒன்பது திருப்புளி, ஒரு மடிக்கணினி,
கண்ணாடி துடைக்க ஒரு பழைய பனியன்.
விரல்ரேகை பதியும் மெஷின்களைப் பழுது பார்ப்பவள்.
பெயர் யோகேஸ்வரி.
கூப்பிடுவது, "மெஷின் அக்கா".

ஓர் இடம் எப்படிப்பட்டது என்று
வாசலில் மாட்டிய கொள்கைப் பலகை
எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.
மெஷினை எங்கே மாட்டியிருக்கிறார்கள்?
முதலில் அதைப் பார்ப்பேன்.

கையுறை ஃபேக்டரியில்
கழிப்பறைக் கதவோரம் ஒன்று.
போக ஒரு விரல், வர ஒரு விரல்,
ஏழு நிமிடம் தாண்டினால் சிவப்பு விளக்கு.
சூப்பர்வைசர் குரல் உயர்த்துவதில்லை.
உயர்த்தத் தேவையில்லாமல் கட்டியிருக்கிறார்கள்.
'நாம் ஒரே குடும்பம்' என்கிறது சுவர்.
பக்கத்து மேசைக்காரி பெயர் கேட்டால்
சட்டையில் நம்பர் பார்த்துச் சொல்கிறாள்.
"என்ன பழுது?" என்றேன்.
"பழுது இல்ல. ஏழை அஞ்சாக்கணும்."

இரும்புக்கடை ஆ செங் தவுக்கே
மெஷினைப் பெட்டி பிரிக்காமல் வைத்திருக்கிறார்.
அதன்மேல் பூனை.
அங்கே எட்டு மணி என்பது
அவர் ஷட்டர் ஏற்றும் சத்தம்.
திட்டினால் செத்துப்போன தாத்தாவரை போய் வருவார்.
மத்தியானம் எல்லோருக்கும் ஒரே சட்டிச் சோறு.
வடிவேலன் மகளுக்கு ஆபரேஷன் என்றதும்
கல்லாவிலிருந்து எண்ணாமல் அள்ளிக் கொடுத்தாராம்.
சம்பள உயர்வு மட்டும்
பதினோரு வருடமாய் அடுத்த சீனப் பெருநாளுக்கு.
எது மேல் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கடைவீதி மாடியில் கணினிக் கம்பெனி ஒன்று:
மெஷினே கிடையாது, வேண்டும்போது வரலாம், போகலாம்,
முதலாளியை 'டேய்' என்றும் கூப்பிடலாம்.
இரவு பதினொன்றுக்கும் விளக்கு எரிகிறது.
முதலில் எழுந்து போவது யார் என்று
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே.

எஸ்டேட்டில் கூப்பிட்டது போன வியாழன்.
விடியற்காலை ஐந்தரை, பெரட்டு, தூறல்.
செம்பனைக்குள் இருட்டு இன்னும் நின்றுகொண்டிருந்தது.
"பதினாலு பேரை மெஷினுக்குத் தெரியல,"
என்றார் கிராணி, "தெரியாட்டி அரைநாள்."

மருந்தடிக்கும் குணவதி விரல் வைத்தாள். சிவப்பு.
அடுத்த விரல். சிவப்பு.
பத்தும் தீர்ந்தன.
தேய்ந்து வழவழத்த நுனிகள்,
கழுவிக் கவிழ்த்த பீங்கான் போல.

"முன்ன தண்டல் முகம் பார்த்தே எழுதிருப்பாரே?"
ஏதோ சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.
சிரித்தாள்.
"பார்த்தாரு. நான் திரும்பிப் பார்க்கல.
ஒரு மாசம் என் பேர் புத்தகத்துல வரல.
இந்த டப்பாவுக்குக் கண்ணு இல்ல,
அதுவரைக்கும் நல்லது."

உணர்திறனைக் குறைத்துப் பார்த்தேன்.
குணவதி விரல் வைத்ததும் மெஷின் கணீரென்று,
'முகம்மது ரஃபிக், வணக்கம்.'
தூறலில் பெரட்டே குலுங்கிச் சிரித்தது.
வங்காளதேசத்து ரஃபிக்
தலையைச் சொறிந்தபடி முன்னால் வந்து,
தன் பிளாஸ்கைத் திறந்து
தேத்தண்ணி மூடியை அவளிடம் நீட்டினான்.
சூட்டில் விரலைப் பிடித்து, முந்தானையில் ஒற்றி,
தேங்காயெண்ணெய் தடவிய தலையில் ஒரு தேய்ப்பு.
பச்சை!

பிறகுதான் கவனித்தேன்:
பதிந்து முடித்தவர்கள் யாரும் லோரி ஏறவில்லை.
ஒருவரும் நிற்கச் சொல்லவில்லை.
கிராணி கத்துகிறார், டிரைவர் ஹார்ன் அடிக்கிறான்,
பதினாலாவது விரலுக்காக
நாற்பது பேர் நனைந்துகொண்டிருந்தார்கள்.

இதற்கு எந்தக் கையேட்டிலும் பக்கம் இல்லை.
'மெஷின் பழுது. அரைநாள் வெட்டக்கூடாது'
என்று அறிக்கையில் எழுதி, கிராணியிடம் கையெழுத்து கேட்டேன்.
பேனாவை நெடுநேரம் தேடினார்.

பைக்குள் என் கைப்பேசி அதிர்ந்தது.
என் கம்பெனியின் செயலி:
'ஒரே இடத்தில் ஐம்பத்திரண்டு நிமிடம். காரணம்?'

ஈர விரலால் மூன்று முறை தொட்டேன்.
திறக்கவில்லை.