குளவி மண்

சீனக்குடாவில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
கட்டையில் ஏறி நிற்கிறது லோடர்.
சில்லுக் கழற்றி நாலு நாள்.
பிறேக் ட்ரம்மைத் திறந்தால்
லைனிங் முழுக்க ஒயில்,
பொரித்த பப்படம் போல மினுக்கம்.

"பிறேக்கில பிழையில்ல," என்றான் கிண்ணியா மஹ்சூம்.
"அதுக்குப் பின்னால அழுறது அக்சில்."

பழைய சீலின் உதடு உரசி உரசித்
தண்டில் ஒரு வரி விழுந்திருந்தது.
நகம் வைத்தால் தடுக்கும்.
அதே வரியில் புதுசும் குந்தினால்
அதே கதைதான்.
மெல்லிய வளையம் கடைந்து வைத்து
அரைக்கால் அங்குலம் தள்ளி அடித்தோம்.
கீழே பழைய பேப்பர் விரித்து
ஒரு மணித்தியாலம் ஓடவிட்டோம்.

பேப்பரில்
கொட்டியாரக்குடா வடிவில் ஒரு கறை.

எட்டாயிரம் ரூபாய்ச் சீல்.
மஹ்சூம் பிளேன்டியைக் குடிக்காமலே வைத்தான்.

மூன்றாந்தரம் கழற்றப் போகையில், சூடு ஆறுமுன்,
அக்சிலின் முதுகைத் தடவினேன்.
சுண்டுவிரல் மொத்தத்தில் மூச்சுத் துளை;
அதன் வாயில்
குளவி கட்டிய மண், காய்ந்து ஓடாகி.
போக வழியில்லாத காற்று
சீலைப் பிரித்து
ஒயிலோடு வந்திருக்கிறது.

கம்பியால் குத்தினேன்.
சோடாப் போத்தல் திறந்த சத்தம்.
கம்பி நுனியில்
குளவி தன் குஞ்சுக்கு வைத்த
சிலந்திக் கால் இரண்டு.

மஹ்சூம் சிரிக்கவில்லை.
கம்பியை வாங்கிக்கொண்டு போய்
மற்ற அக்சிலையும் குத்திப் பார்த்தான்.

இனிப் புது லைனிங்,
பிறகு ஒருவர் மிதிக்க ஒருவர் திறந்து
காற்றெடுக்க வேணும்.

புதுப் பேப்பர் காய்ந்தபடி கிடக்கிறது.
குனிந்தால் ராசிபலன் தெளிவாகத் தெரிகிறது:
என் ராசிக்கு
வீண் செலவு.