கன்னியா வீதியில் ஒரு புகைபோக்கி

நாடாவின் ஒரு நுனி றிஸ்மியிடம்.
மறுநுனியோடு நான் உள்ளே போகிறேன்.
வெளிச்சுவர் அறுபத்திரண்டு அடி நான்கு அங்குலம்.
தடிப்பு இரண்டே கால்.
முருகைக்கல், சுண்ணாம்பு.
விரல் வைத்தால் உப்பு உதிர்கிறது.

கப்பல்காரருக்குப் பாலும் முட்டையும் விற்றவன்
தன் ஊர்ப் பண்ணைவீட்டை
ஞாபகத்திலிருந்து கட்டியிருக்கிறான்.
ஞாபகத்துக்கு வெயில் தெரியாது.
பனி வழுக்கி விழவென்று
ஐம்பத்திரண்டு பாகை சரித்த கூரையில்
குரங்குக் குட்டிகள் சறுக்குகின்றன.
சூடு வெளியே போய்விடக் கூடாதென்று
யன்னல்களைச் சிறிதாக வைத்தான்.
வாசல் கல்லில் 1851 என்று செதுக்கும்போது
ஐந்து பிழைத்திருக்கிறது,
திருத்திய தழும்பு இன்னும் தெரிகிறது.
கூடத்துச் சுவரில்
ஆள் குனியாமல் நுழையும் அளவுக்கு
ஒரு கணப்படுப்பு.
மூன்று மைலுக்கு அங்கால்
கிணற்றுத் தண்ணியே சுடச்சுட ஊறுகிற ஊரில்.

வளைக்குக் கப்பல் மரம்.
எதிலும் சேராத துளைகள் அதில்,
ஒன்பது எண்ணினேன்.
எந்தக் கடலில் எதைப் பிடித்திருந்தனவோ,
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

யோகமலர் தேத்தண்ணியோடு
ஒரு கோவையும் கொண்டுவருகிறார்.
வீடு வர்த்தமானியில் ஏறிய நாளிலிருந்து
திணைக்களம் எழுதிய கடிதங்கள்.
ஆணி அடிக்கக் கூடாது.
வெள்ளை தவிர வேறு நிறம் பூசக் கூடாது.
சிவபாதத்தாருக்கு முழங்கால் மடக்க ஏலாமல் போனபின்
உள்ளே ஒரு கொமேட் வைக்கக் கேட்ட
மூன்று விண்ணப்பத்துக்கும்
ஒரே பதில், திகதி மட்டும் வேறு.

"வீட்டைப் பாதுகாக்கிறீங்கள், சரி.
இரவிலை இவரைத் தாங்கிக்கொண்டு
வளவுக் கோடிக்கு நடக்கிறது நான்தானே."

கதிரையில் இருந்தபடி அவர்
காது கேளாதவர் போலச் சுவரைப் பார்க்கிறார்.
நான் அந்தச் சுவரைத்தான் அளக்க வேண்டும்.

டோர்ச்சோடு அடுப்புக்குள் தலையை நீட்டுகிறேன்.
நூற்றி எழுபது வருடம்
ஒருவருக்கும் தேவைப்படாத புகைபோக்கி.
செங்கல் சூளையிலிருந்து நேற்று வந்ததுபோல் இருக்கிறது.
வௌவால் எச்சம், கைவிட்ட கூடு ஒன்று.
ஆனால் இடப்பக்கம்
என் தோள் உயரத்தில் தொடங்கி
மேலே போகும் ஒரேயொரு கரி நாக்கு.
விறகுக் கரி இப்படி ஒட்டாது.
இது பிசுபிசுத்து மினுங்குகிறது,
படச்சுருள் எரிந்ததைப் போல.

"எப்ப எரிச்சது?"

"தொண்ணூறு, ஆனி" என்கிறார் சிவபாதத்தார்.
அன்று அவர் பேசிய முதல் வார்த்தை.

யோகமலர் கோப்பைகளை எடுக்கத் தொடங்குகிறார்.
"ஒரு குறூப் படம். பதினொரு பெடியள்.
கொஞ்சம் நெகட்டிவ்.
றிப்போட் புத்தகம் தப்பும் எண்டு நினைச்சம்,
அதிலை பேர் கிடந்தது. அதையும்.
முற்றத்திலை எரிச்சால் வெளிச்சம் தெரியும்.
வெள்ளைக்காரன் வைச்ச யன்னல்
அண்டைக்குத்தான் உதவினது."

பதினொருவரில் எவன் அவர்களுடையவன் என்று
நான் கேட்கவில்லை.
றிஸ்மி நாடாவைச் சுருட்டாமல் நிற்கிறான்.

படிவம் ஏழு.
பிற்காலக் கறைகள், சேதங்கள்.
பரிந்துரை என்ற இடத்தில்
கை பழக்கத்தில் எழுதிக்கொண்டு போகிறது:
மென்தூரிகையால் கழுவி
பழைய நிலைக்குக்

"எந்தப் பழைய நிலைக்கு?"
என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டார்.

வெட்டினேன். பேனை தாளைக் கிழித்தது.
புதுத்தாளில் எழுதினேன்:
கரி, மூலக் கட்டடத்தின் பகுதி. அகற்றலாகாது.
பதினாறு வருட வேலையில்
கையொப்பத்தோடு நான் எழுதிய பொய்.

ஒன்று எழுதிய கைக்கு
இரண்டாவது பாரமில்லை.
கூடத்துக்கு மேற்கே, சாமான் அறையின் மூலையில்
ஆறுக்கு நாலரை என்று ஒரு பெட்டி வரைந்து
உள்ளே சின்ன எழுத்தில்:
கழிவறை, ஏற்கெனவே உள்ளது, பழுது.
பழுது பார்க்கச் சட்டம் விடும்.

சிவபாதத்தார் தடியை ஊன்றி எழுந்து
மெல்ல மேசைக்கு வந்தார்.
கண்ணாடியைத் தேடிப் போட்டார்.
வரைபடத்தின் மேல் நெடுநேரம் குனிந்திருந்தார்.

"கதவு உள்ளுக்கோ திறக்கும், வெளியாலையோ?"

வெளியால், என்றேன்.
பென்சிலை எடுத்து
கதவு சுழலும் கால்வட்டத்தை வரைந்தேன்.