அதிமதுரம்

க்ரோனிங்கனில் ஜனவரி. நாலரைக்கே
தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது.
வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுக்
கம்பளிக் காலுறையோடு நிற்கிறேன்.
கையில் கம்பு,
கம்பின் நுனியில் எலுமிச்சை அளவு ஒலிபெருக்கி.
இதுதான் என் உத்தியோகம்:
சத்தத்தைச் சுமந்துகொண்டு
சத்தமில்லாமல் நடப்பது.

நடுவில் சுழல்நாற்காலி.
அதில் சீட்ஸ்கே போஸ்த்மா,
கால்வாய்ப் பாலமொன்றைத் தூக்கி இறக்குபவள்.
கண்ணை மூடிய கறுப்புக் கருவிக்குள்
அவளுக்கு வேறோர் அறை தெரிகிறது,
சாம்பல் நிறத்தில், ஜன்னலில்லாமல்,
நானும் இல்லாமல்.

போன வருடம் கட்டியை எடுத்தபோது
இடது காது கேட்பதையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள்.
மடல் அப்படியே இருக்கிறது, தோடும்.
"ஒரு காதில் வாங்கி மறு காதில் விடு என்கிறார் கணவர்.
நான் எங்கே விடுவது?"
படகு ஹாரன் அடிக்கிறது. கிழக்கிலா, மேற்கிலா?
சைக்கிள் மணி. எந்தப் பக்கம் ஒதுங்க?
எல்லாச் சத்தமும் பழகிய பறவை மாதிரி
அவள் வலது தோளில்தான் வந்து உட்காருகிறது.

திரை எனக்கு இடம் காட்டும்:
பின்னால், இடப்பக்கம், முழங்கால் உயரம்.
போகிறேன். மூச்சைப் பிடித்துப் பொத்தானை அழுத்துகிறேன்.
ட்ர்ர்ர். மூன்று நொடி.
அவள் தலை திரும்பும், கைக்கோல் நீளும்.
தப்பென்றால் சரியான இடத்தில்
ஒரு சிவப்புப் பந்து துடிக்கும்,
அவள் திரும்பிப் பார்க்கும் வரை.
பந்துக்குப் பின்னால் நான் நிற்பேன்,
தெரியமாட்டேன்.

முதல் நாள் சராசரிப் பிழை அறுபத்தெட்டுப் பாகை.
நான்காம் நாள் முப்பத்தொன்று.
ஆறாம் நாள் ஒன்பது.
ஒன்பது!
இரண்டு காதும் உள்ள எனக்கே பதினொன்று.
பேராசிரியர் ரென்ஸ்கே வரைபடத்தை அச்செடுத்துச்
சமையலறைக் கதவில் ஒட்டினார்.

ஏழாம் நாள் கருவியைக் கழற்றி,
நெற்றியில் பதிந்த தடத்தைத் தேய்த்தபடி சொன்னாள்:
"யோரிட், நான் சத்தத்தைத் தேடவில்லை.
உன்னைத் தேடினேன்.
உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய் உன் வாயில்.
அந்த வாசனை நகரும், நானும் கூடவே போவேன்.
உன் முழங்கால் சொடுக்கினால் சத்தம் கீழே வரும்.
பின்னால் நீ கடந்தால் கழுத்தில் காற்று படும்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
ஆனால் பாலத்துக்கு நீ வரமாட்டாயே."

ஒரு வாரத் தரவை அழித்தோம்.
வரைபடத்தை நானே உரித்தேன்,
கதவுப் பெயின்ட்டும் கொஞ்சம் கூட வந்தது.

பிறகு முழங்காலுக்குப் பட்டை,
மூலையில் ஓசையற்ற மின்விசிறி,
மிட்டாய் மேல்கோட்டுப் பையில், கோட்டு வெளியே.
ஐம்பத்தொன்பது.
ஃப்ரிசிய மொழியில் என்னவோ திட்டினாள்,
மின்விசிறியையா என்னையா தெரியவில்லை.
அதன்பின் முகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்கத் தொடங்கினாள்,
இருட்டில் சுவிட்சைத் தடவுவதுபோல,
எங்கே கூடுகிறது, எங்கே தேய்கிறது என்று
இருந்த ஒற்றைக் காதால் தடவித் தடவி.
நாற்பத்து நான்கு.
மறுநாளும் நாற்பத்து நான்கு.
அதற்கு மறுநாள் நாற்பத்தாறு.

மார்ச்சில் ஒரு காலை அவள் பாலம் தூக்கியிருந்தது.
தடுப்புக்கு இந்தப் பக்கம், சைக்கிள் கூட்டத்தில் நான்.
மேலே கூண்டின் ஜன்னல் திறந்திருந்தது,
அவளுடைய இடப்பக்கம் நான்.
காற்று அவளிடமிருந்து என்னை நோக்கி.
வாசனை உதவாது.

மணியை அடித்தேன்.

தலை வலப்பக்கம் போனது. நின்றது.
சந்தேகப்பட்டது.
மெதுவாக, மிக மெதுவாக இடப்பக்கம் வந்தது.
கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்,
எனக்கு நாலடி தள்ளியிருந்த ஆரஞ்சுத் தபால்பெட்டியை.

நாலடி நகர்ந்து நின்றுவிடலாமா
என்று காலுக்குத் தோன்றியது.
நகரவில்லை.
இன்னொரு முறை அடித்தேன்.