காலி

"வீடு காலியா?" என்று
ஒன்பது பேரிடம் கேட்டேன்.
ஆறாவது ஆள் பெயர் கேட்டார்.
யோகேஸ்வரி.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
மின்விசிறி மட்டும் சுற்றியது.
"அடடா, நேற்றுத்தான் ஆள் வந்தாச்சு."
ஏழாவது ஆளுக்கும் எட்டாவது ஆளுக்கும்
அதே நேற்று.

ஒன்பதாவது, கோர்.
பெயரே கேட்கவில்லை.
"குடை கொண்டு வா,
சுங்கை பாக்காப்பில் மழை" என்றார்.
காது மந்தம் என்பது
சாவி வாங்கும்போதுதான் தெரிந்தது.

வரிசை வீடு. பதினான்குக்குப் பதில்
பதின்மூன்று ஏ என்று எழுதிய கதவு.
பின்னால் செம்பனை,
முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்,
நடுவில், மாதம் எழுநூற்றைம்பது வெள்ளிக்கு,
நான், ஒரு மெத்தை, ஒரு மின்சோற்றுப் பானை.
மூன்றரை மாதப் பணத்தை
இரண்டு தரம் எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு
பதினோராவது விதியில் விரல் வைத்தார் கோர்:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
முன்பு இருந்தவர் அடித்தது ஒன்றே ஒன்று.
ஐம்பது வெள்ளி பிடித்துக்கொண்டாராம்.
ஆணியைப் பிடுங்கவில்லை;
பிடுங்கினால் காரை உதிரும்.

அந்த ஒன்றில்தான் எனக்கு எல்லாமே:
தொழிற்சாலைச் சீருடை, அடையாள அட்டை,
சாவிக்கொத்து, நாள்காட்டி.
மாட்டிவிட்டு, தாங்குமா என்று
ஒரு கணம் கையை எடுக்காமல் நிற்பேன்.

இரவு வேலை.
விடியும்போது இரண்டாம் பாலத்தில்
கம்பெனிப் பேருந்தின் பின்கண்ணாடிக்குள்
தீவு சிறுத்துக்கொண்டே வரும்.
அங்கே ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குக் கொடுத்தது
இங்கே மாடியும் கீழும்
துணி காய ஒரு பின்கட்டுமாக விரிந்து கிடக்கிறது.
எட்டு மணிக்குப் படுப்பேன்.
வெயில் மெத்தைவரை வந்து
யார் என்று பார்த்துவிட்டுப் போகும்.

மூன்று மணிக்குச் சுவர் பேச ஆரம்பிக்கும்.
பக்கத்து வீட்டு சாலேஹாவின் பையன்
வாய்ப்பாடு சொல்கிறான்.
துஜோ காலி லீமா. துஜோ காலி எனாம்.
என் மொழியில் காலி என்றால்
ஒன்றும் இல்லாதது.
அவன் வாயில் அது பெருக்கல்.

ஏழும் எட்டும் சந்திக்கும் இடத்தில்
தினமும் நின்றுவிடுவான்.
கரண்டி மேசையைத் தட்டும்.
மறுபடி துஜோ காலி லாப்பான்,
மறுபடி என் மொழிக் காலி.

இருபத்து மூன்றாம் நாள்
தூக்கம் கெட்ட எரிச்சலில்
கண்ணைத் திறக்காமலே கத்தினேன்:
"லீமா புலோ எனாம்!"

சுவர் மூச்சை அடக்கியது.
பிறகு சாலேஹாவின் சிரிப்பு.
பிறகு பென்சில் கீறும் சத்தம்கூடக்
கேட்டதுபோல் இருந்தது.

மறுநாள் அதே இடத்தில் நின்றான்.
மறந்து அல்ல.
குரலில் தெரிந்தது, விடை தெரிந்தவனின் குறும்பு.
நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.

சின்ன முஷ்டியால் இரண்டு தட்டு.
ஆணியில் சாவிக்கொத்து ஆடியது.
மெத்தை மேல் கொஞ்சம் காரை.

இதற்கு எத்தனை வெள்ளி பிடிப்பாரோ
கோர்.