முறையீடுகள்: இல்லை

முறையீட்டுப் பெட்டியைச் சிற்றாலய வராந்தாவில்
கண்காணிப்புக் கேமராவுக்கு நேர் கீழே
அறைந்திருக்கிறார்கள்.
காணிக்கைப் பெட்டி செய்த அதே ஆசாரி.
வாய் மட்டும் தாராளம்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை திறப்போம், ஏழு பேர்.
முதல்வர், பர்சார், விடுதிக் காப்பாளர்கள் இரண்டு பேர்,
எபிரெயம் நடத்தும் தங்கப்பழம் சார்,
வெளியாள் ஒருவர் வேண்டுமென்று
கொக்கிரகுளத்திலிருந்து வரும் வக்கீல் அம்மா,
மாணவர் சார்பில் நான், எப்சிபா,
மூன்றாம் ஆண்டு பி.டி.

ஜெபம். டீ. அச்சுமுறுக்கு.
அப்புறம்தான் சாவி.

ஜூனில் இரண்டு பல்லி முட்டை.
ஜூலையில், மெஸ் சாம்பாரில் பருப்பு எங்கே என்று
எதுகை தப்பாத நான்கு வரி.
முதல்வரே சிரித்தார்.
ஆகஸ்டில், நூலகத்துக்குப் பின்னால்
மூன்றாவது கம்பத்தில் விளக்கு எரியவில்லை.
செப்டம்பரிலும் அதே கம்பம்.
அக்டோபரிலும். இம்முறை அடிக்கோடு போட்டு.

நடவடிக்கைப் புத்தகம் என் பொறுப்பு, கையெழுத்து அழகாம்.
ஒவ்வொரு மாதமும் எழுதினேன்:
முறையீடுகள்: இல்லை.
விதி ஏழு அப்படி.
பெயரில்லாத சீட்டு முறையீடு ஆகாது.

"முறுமுறுத்தவங்களுக்கு வனாந்தரத்துல
என்னட்டி கெடச்சுது?" என்பார்
எங்கள் காப்பாளர் கிறிஸ்துகனி அக்கா.
அன்றிரவு இரண்டு சொல்லையும்
பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன்.
முறுமுறுப்பு பல்லுக்குள்ளேயே அரைபட்டுப் போகிறது.
முறையீட்டுக்குள் ஒரு முறை இருக்கிறது.
வேலித் தகராறில், ஊர் கேட்க, "இது மொறையாவே?" என்பார்களே
அந்த முறை.

நவம்பர்.
பச்சை மையில் இரண்டு பக்கம்.
வார இறுதி ஊழியத்துக்குத்
தேரிக்காட்டு ஓரத்துச் சேகரத்துக்கு அனுப்பப்பட்டவள்.
ஞாயிறு மாலை, கடைசி பஸ் போகும்வரை
ஏதாவது வேலை சொல்வாராம் சேகரத்து ஐயா.
பிறகு பைக்.
அந்த பைக் எங்கெங்கே நின்றது என்பதை
பஸ் நிறுத்தங்கள்போல் வரிசையாக எழுதியிருந்தாள்.
சமாதானபுரத்தில் இறக்கிவிட்டு
தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுத்தான் போவாராம்.
விடுதிக்கு நடக்கும் வழியில் அந்த மூன்றாவது கம்பம்.
வெளிச்சம் இல்லாததற்கு ஒருநாள் நன்றி சொன்னேன்
என்பது கடைசி வரி.

வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.
பர்சார் பாதி முறுக்கைத் தட்டில் வைத்தார்.
முதல்வர் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, மெய்யாகவே வருத்தப்பட்டு,
"பேர் இல்லையேம்மா" என்றார்.

பேனா என் கையில்தான் இருந்தது.
பச்சைக்குக் கீழே நீலத்தில் எழுதினேன்.
எப்சிபா. பதிவு எண். தேதி.

"ஏட்டி, நீயா அது?"
எழுதினவள்தான் பெயர் போடவேண்டும் என்று
விதியில் இல்லை அக்கா, என்றேன்.
தங்கப்பழம் சார் விதி ஏழை எடுத்து வாசித்தார்.
எபிரெயம்போல் கடைசியிலிருந்து முதலுக்கும்
ஒருமுறை வாசித்திருப்பார்.
இல்லைதான்.

திங்கட்கிழமை விடியுமுன் ஏணியோடு ஆள் வந்துவிட்டது.
மூன்று மாதத்து இருட்டு, பத்து நிமிஷ வேலை.
சேகரத்து ஐயா விசாரணை முடியும்வரை விடுப்பில்.
விசாரணை எப்போது முடியும் என்று
எந்த விதியிலும் போடவில்லை.
அம்மா போனில் அழுகிறாள்,
"ஒன்ன இனி எந்தச் சேகரத்துலட்டி எடுப்பாவ?"
தெரியவில்லை.

காலை ஜெபத்தில் எல்லோரும் கண்மூடியிருக்க
சில நாள் விரல்களைப் பார்த்தேன்,
எந்த விரலில் பச்சை ஒட்டியிருக்கிறதென்று.
பிறகு விட்டுவிட்டேன்.
அது நானும் வைக்கும் ஒரு கேமரா.

பெட்டியை இடம் மாற்றக் கேட்டிருக்கிறேன்.
பரிசீலனையில் உள்ளது.
அதுவரை
கேமராவின் மேல் தினமும் யாரோ
ஈரத் துண்டு ஒன்றைக் காயப்போடுகிறார்கள்.
ஒருநாள் ஆரஞ்சு, ஒருநாள் கட்டம்போட்டது,
ஒருநாள் ஓரம் கிழிந்தது.
கிறிஸ்துகனி அக்காதான் எடுத்து மடித்துவைக்கிறார்.
சில நாள், மத்தியானம்வரை
அவர் அந்தப் பக்கமே வருவதில்லை.