தொடர்ச்சிக் குறிப்பேடு

பால்டிஸ்கி துறைமுகம். மைனஸ் பதினொன்று.
ஆறாம் எபிசோட், சமையலறை, இரவு.
துப்பறிபவராக ஹெய்னோ கேட்கிறார்:
"அன்றைக்குப் படகை அவிழ்த்தது யார்?"

லெய்தா உருளைக்கிழங்கு சீவுகிறாள்.
தோல் அறாமல் சுருண்டு
மடிவரை தொங்குகிறது.
"தெரியாது" என்கிறாள்.
"தெரி"யில் அறுந்துபோகிறது தோல்.

எழுதிக்கொள்கிறேன். என் வேலை அதுதான்:
கத்தி எந்தக் கையில், கோப்பையில் எவ்வளவு தேநீர்.

ஒன்பது டேக். ஒன்பது கிழங்கு.
ஒன்பதிலும் அதே எழுத்தில்.

கடைசி எபிசோடின் தாள்கள் யாருக்கும் வரவில்லை.
கொலையாளி யாரென்று
இயக்குநர் அவளிடமும் சொல்லவில்லையாம்.

விளக்குகள் அணைந்தபின்
ஹெய்னோ என் பக்கமாகக் குனிந்து
மெதுவாகக் கேட்டார்:
"இவள்தானா?"

வாளியிலிருந்த கிழங்குகளை
வேகவைத்து உப்பிட்டு
எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தாள் லெய்தா.

எனக்குப் பசிதான்.
எடுக்கவில்லை.